சின்ன மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த மெஷின்

சகலையோடு சண்டை போட முடியாது. அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொண்டு, முகம் பார்க்காமல் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஏதாவது ஒரு கல்யாணத்தில் சேர்ந்துகொள்ளலாம். மச்சான் என்றால் மனைவி நடுவில் புகுந்து எதையாவது பேசி முடிப்பாள். ஆனால் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவர் இருக்கிறாரே, அவரோடு ஒரே வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே மாமியார் கையால் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, பல்லைக் காட்டியபடியே வயிறெரிய வேண்டும். நான் மூத்த மாப்பிள்ளை. வருஷக்கணக்காக இந்த வேலையை ஒழுங்காகச் செய்து வருகிறேன்.

என் சகலைக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் ஷோகேஸ். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்தால்கூட மாமியார் வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். எப்போதும் மூக்கடைப்பு. கையில் கைக்குட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போட்டிருப்பார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், அதில் ஒரே ஒரு கார். அந்தக் காரில் இரண்டு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் காலுக்கு ஒன்று, பக்கத்து சீட்டில் உட்காருகிற என் காலுக்கு ஒன்று. இந்த ஸ்கூலை ஆரம்பித்தபோது ஒரு ஈ காக்கை வரவில்லை. போர்டை மாட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்து பணத்தைக் கட்டி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் என் மாமியார். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு அத்தை என்றதற்கு, "கடைக்கு ஒரு போணி வேணும்ல மாப்பிள்ளை" என்றார். இரண்டு முறை டெஸ்டில் ஃபெயிலாகி மூன்றாவது முறை பாஸானார். அன்று எடுத்த படம் இன்றும் என் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் ஷோகேஸ் இல்லை.

அத்தை பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர். ஆசிட் நெடி தலைக்கேறாமல் இருக்க, எலுமிச்சைத் தோலைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது முகர்ந்துகொள்வார். எந்த வகுப்பில் எந்தச் சோதனை நடக்கிறது என்று வாசல் கேட்டில் நின்றே வாடையை வைத்துச் சொல்லிவிடுவார் என்று அங்கே பேச்சு. போன மாதம், முட்டி வலி தாங்கவில்லை என்று சொல்லி வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டார். மாமனார் போய்ச் சேர்ந்து நாளாகிறது. மாடி வீட்டில் அத்தை ஒண்டியாக இருக்கிறார்.

அவரை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. சாதாரண ஆசை இல்லை, பிடிவாதம். பின்னறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, முட்டி வலிக்காமல் ஏறி இறங்க உயரம் பார்த்துக் கட்டில்கூடச் செய்து போட்டுவிட்டேன். என் மனைவி அந்த அறையைத் தன் தையல் மெஷினுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஒவ்வொரு முறை நான் அத்தையிடம் பேச்சை எடுக்கும்போதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஷோகேஸ், "அவங்க இஷ்டத்துக்கு இருக்கட்டுமே அண்ணே" என்று குறுக்கே ஒரு கட்டையைப் போடுவார். எனக்கு அந்தக் கணக்குப் புரியாதா? இப்போது விட்டுவைத்தால் பிறகு தன் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்கிற நினைப்பு.

அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று இரண்டு மாப்பிள்ளைகளும் பரிசு கொடுத்தோம். நான் கொடுத்தது ஒரு சென்ட் பாட்டில். ஏதோ கைக்கு வந்ததை எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். கடைக்காரி பாட்டில் பாட்டிலாகத் திறந்து காட்ட, மூக்கு மரத்துப்போகும்வரை முகர்ந்து பார்த்து, பச்சை எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளினால் வருகிற அதே வாசனை உள்ள ஒன்றைப் பிடித்தேன். விலை பாட்டிலின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. அத்தை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மூடியைக்கூடத் திறக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்து ஷோகேஸ் இரண்டு ஆட்களை வைத்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைக்ரோவேவ் அடுப்பு. அதைப் பார்த்ததும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. ஷோகேஸின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. ஒரு டப்பா மெஷினுக்கு இவ்வளவா என்று எனக்கு உள்ளே திகுதிகுவென்று எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி என் பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, உங்க காதுல புகை வருதான்னு பாத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அத்தை வீட்டுப் பக்கமே போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தெருவில் போக வேண்டிய மாணவர்களைக்கூட வேறு தெருவில் திருப்பச் சொன்னேன்.

நேற்று காலையில் மனைவி போன் செய்தாள். "அம்மா போன் எடுக்கல. நாலு தடவ அடிச்சுட்டேன். நீங்க பக்கத்துலதான இருக்கீங்க, போய்ப் பாத்துட்டு வாங்க. ஒங்க கோவத்த எல்லாம் சாயங்காலம் வெச்சுக்கலாம்."

மாடிப்படி பாதி ஏறும்போதே கருகல் வாடை வந்தது. யார் வீட்டிலோ அடுப்பில் எதையோ வைத்துவிட்டு சீரியல் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஏற ஏற வாடை கூடியது. அத்தை வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஹாலில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அத்தை ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதவின் மேல்பக்கமாகச் சாம்பல் நிறப் புகை மெதுவாக ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. வழி தெரிஞ்சுதா?" என்றார்.

நான் சமையலறைக்குள் ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். மெஷினின் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை, ஒரே புகை. கதவைத் திறக்கப் போனேன்.

"தெறக்காதீங்க" என்று அத்தை பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். இப்போதுதான் புகையைப் பார்த்த முகம். ஆனால் குரலில் பதற்றம் இல்லை, ஆய்வுக்கூடத்துக் குரல். "காத்துப் பட்டா குப்புன்னு புடிச்சுக்கும். மூடியே இருக்கட்டும், தானா அடங்கும். நீங்க ஜன்னலத் தெறங்க."

ஜன்னல்களைத் திறந்தேன். புகை வெளியேறத் தொடங்கியதும் எனக்குள் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றுகிற சந்தோஷம். ஊரைக் கூட்டித் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்த மெஷின் ஒரு மாதம் தாங்கவில்லை.

புகை அடங்கிய பிறகு மெஷினைத் திறந்தோம். உள்ளே ஒரு பன், கரித்துண்டாகிக் கிடந்தது. "ரெண்டு நிமிஷம்னு அமுக்கினேன். இருபதுன்னு விழுந்துருச்சு போல. கண்ணாடிய வேற கழட்டி வெச்சிருந்தேன்" என்றார் அத்தை. போனைச் சத்தம் குறைத்து உள்ளறையில் வைத்திருந்தாராம். நான் விடவில்லை, தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தேன். பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு சின்னத் தகடு. அதில் எண்ணெய் தெறித்துக் காய்ந்து, அதன்மேல் மறுபடி தெறித்து, திட்டுத்திட்டாகக் கருகியிருந்தது.

"இது இன்னைக்குக் கருகினது இல்லையே அத்தை. பல நாளா எரிஞ்சிருக்கு. தெனமும் வாடை வந்திருக்கணுமே?"

"வந்துச்சோ என்னவோ. கவனிக்கல."

கவனிக்கவில்லையாம். நான் வாங்கிக் கொடுத்த மிக்ஸியில் லேசாக ரப்பர் வாடை வந்ததற்கு அன்றைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பியவர் இவர். சின்ன மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்றால் வீடே எரிந்தாலும் குறை சொல்ல வாய் வராது போலிருக்கிறது. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கேஸ் அடுப்பைக் காணோம். அது இருந்த மேடை நடுவில், சிம்மாசனத்தில் ஏற்றின மாதிரி, இந்த மெஷின் உட்கார்ந்திருந்தது. அடுப்பையே ஓரங்கட்டிவிட்டாரா மகராசன்.

போனை எடுத்து ஷோகேஸைக் கூப்பிட்டேன்.

"சகலை, நீங்க வாங்கிக் குடுத்த மெஷின் எரிஞ்சுபோச்சு." வருத்தமாகச் சொல்லத்தான் பார்த்தேன். குரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அத்தை எங்க இருக்காங்க?"

"இங்கதான் நிக்கிறாங்க."

"ஜன்னல் எல்லாம் தெறந்தாச்சா?"

"தெறந்தாச்சு. மெஷின் எரிஞ்சுபோச்சுங்கறேன்."

"மெஷின் கெடக்குது அண்ணே. நான் இப்ப வர்றேன்" என்று வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புது மெஷினாச்சே, அப்படியெல்லாம் ஆகாதே, நீங்க தப்பா ஏதாவது அமுக்கினீங்களா என்று அவர் இழுப்பார், நான் போட்டுத் தாக்கலாம் என்று காத்திருந்தவன் நான்.

அத்தை மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாலை ஊற்றித் தேநீர் கொடுத்தார். ஒரு வாய் வைத்தேன். பால் கெட்டுப்போன வாடை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே அத்தை தன்னுடையதைச் சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆக, நமக்கு இதுதான் மரியாதை. மூன்று வாரம் வரவில்லை, அதற்குத் தண்டனை பழைய பால். ஷோகேஸ் வரட்டும், அத்தை புதுப் பாக்கெட் உடைப்பார்.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். என் சென்ட் பாட்டில், கடையில் சுற்றிக் கொடுத்த ஜிகினாத் தாள்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது.

"இத நீங்க தொடவே இல்ல" என்றேன்.

"நல்ல நாளுக்குன்னு வெச்சிருக்கேன் மாப்பிள்ளை."

"நல்ல நாளெல்லாம் சின்ன மாப்பிள்ளையோட மெஷினுக்குத்தான். வீடு பூரா நாறுது, இதுக்காவது இது உதவட்டும்." தாளைக் கிழித்து, பெட்டியிலிருந்து பாட்டிலை உருவினேன். ஹாலின் நான்கு மூலைக்கும் கை வலிக்க வலிக்க அடித்தேன். கருகலுக்கு நடுவே எலுமிச்சைத் தோலின் வாசனை சுள்ளென்று எழுந்தது. அந்தக் கோபத்திலும் என் தேர்வை நானே மெச்சிக்கொண்டேன். "இப்ப சொல்லுங்க, எப்படி இருக்கு?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இடது கையில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் மேல், அந்தக் கம்பெனிக்காரனின் முத்திரையாக ஒரு ரோஜாப் பூ அச்சடித்திருந்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"ரோஜா வாசனை ஜம்முன்னு இருக்கு மாப்பிள்ளை. வீடே மணக்குது."

எலுமிச்சைத் தோலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆயுள் முழுவதும் நடந்த மனுஷி அவர். படிக்கட்டுவரை வந்த கருகல், பின்னால் வந்து நின்ற புகை, கெட்ட பால், தகட்டில் நாள்பட்ட கறுப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. என் முகத்தைப் பார்த்த அத்தையின் கை மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தது.

"தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார்.

"அத்தை, இது எலுமிச்சை."

அவர் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குன்னு பாத்து எடுத்திருக்கீங்க. தெரியாமப் போச்சே" என்றார். கண்ணில் நீர் நின்றது.

வாசனை தெரிவது போன வருஷம் வந்த காய்ச்சலோடு போனதாம். டாக்டர் திரும்பி வரும் என்றாராம், வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் கேஸ் குழாய் கசிந்ததைப் பிள்ளைகள் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். பிள்ளைகள் உயிரோடு விளையாடக் கூடாது என்று அன்றே வேலையை விட முடிவு செய்துவிட்டார். முட்டி வலி சும்மா சொன்னது. அந்த முட்டிக்கு நான் வாங்கிக் கொடுத்த தைலம் தெருவே மூக்கைப் பொத்துகிற ரகம். அதையும் முகம் சுளிக்காமல் வாங்கித் தேய்த்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அடுப்பு எங்க?" என்று கேட்டேன்.

"சிலிண்டரத் திருப்பிக் குடுத்தாச்சு. கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாதுல்ல. அதுக்குத்தான் அந்த மெஷின். சின்னவர்தான் எல்லாம் பாத்துச் செஞ்சார்."

"சின்னவருக்குத் தெரியுமா?"

அத்தை தலையை ஆட்டினார். "அவருக்கு மட்டுந்தான். பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

"எப்படித் தெரிஞ்சுது? அவரா கண்டுபுடிச்சாரா?" கண்டுபிடித்திருந்தார் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"இல்ல. நானாச் சொன்னேன்."

மெஷினுக்கு எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை. இதுதான் எரிச்சல். கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியது மெஷினுக்காக இல்லை, இந்த ரகசியத்துக்காக. பெற்ற பெண்களிடம் சொல்லாததை, அவர் கையால் முதல் போணி வாங்கிய என்னிடம் சொல்லாததை, எப்போதும் மூக்கடைத்துக்கொண்டிருக்கும் அந்த ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல? நான் என்ன கொறச்சுட்டேன்?"

"ஒங்ககிட்டச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்ணுவேன், இனிமே ஒரு நிமிஷம்கூட இங்க தனியா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

அத்தைக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "அன்னைக்கே என் பெட்டியெல்லாம் ஒங்க கார் டிக்கியில ஏறியிருக்கும். ஒங்க கார்ல நான் எத்தன நாள் ஓட்டினேன் மாப்பிள்ளை. எதுக்க லாரி வர்றத நான் பாத்து, நான் கால எடுக்கறதுக்குள்ள ஒங்க பிரேக் விழுந்துரும். மூணாவது டெஸ்ட்ல எப்படிப் பாஸானேன்? அன்னைக்குப் பக்கத்து சீட்டுல நீங்க இல்ல."

நான் குனிந்து, கிழித்துப் போட்ட ஜிகினாத் தாளைப் பொறுக்கினேன்.

"சின்னவர் ஒசத்தின்னு சொல்லல. அவர் பக்கத்துல ஒக்காந்தா ஜன்னல் வழியா வேடிக்க பாத்துட்டு வருவார். எனக்கு இப்ப அப்படி ஒரு ஆள்தான் வேணும். இது என் வீடு. இங்க எந்த சுவிட்சு எங்க இருக்குன்னு இருட்டுல தெரியும். மூக்கு ஒண்ணு போனதுக்காக வீட்டையும் விட்டுட்டு வான்னா எப்படி மாப்பிள்ளை?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். "இனி ஒங்க கையிலதான் இருக்கு. மூத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, சாயங்காலமே வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போயிருவா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷோகேஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தார். சட்டை கசங்கி, டை தோள்மேல் திரும்பிக் கிடந்தது. கக்கத்தில் ஒரு காகிதப் பையை இடுக்கி மறைத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் ஒரு பொருளை மறைத்துக்கொண்டு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அத்தை.

"அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா அண்ணே?"

"நான் சொல்றது இருக்கட்டும்" என்று நான் பாய்ந்தேன். "வெளயாட்டாப் போச்சா ஒங்களுக்கு? நான் வர்றப்போ பொக இவங்க முதுகு வரைக்கும் வந்துருச்சு. வராம இருந்திருந்தா? ரகசியத்தக் காப்பாத்தினீங்க, ஆளக் காப்பாத்துனீங்களா?"

அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார். "தெனமும் காலையில போன் பண்ணுவேன் அண்ணே. அவங்க ஹலோன்னு சொல்ற வரைக்கும் எனக்கு ஒரு வாய் எறங்காது. இன்னைக்கு எட்டு தடவ அடிச்சேன். மீட்டிங்க விட்டுட்டு ஓடி வர்ற வழியிலதான் ஒங்க போன் வந்துச்சு. யார்கிட்டயாவது சொல்லி அழணும்போல இருக்கும். யார்கிட்டச் சொல்றது? நம்பிச் சொன்னாங்களே."

அவருடைய பயத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அத்தைக்காக இப்படிப் பயப்படும் உரிமை இவ்வளவு நாளாக அவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

காகிதப் பையில் இருந்தது புகை வந்தால் அலறுகிற கருவி. வாங்கிப் பத்து நாளாகக் காரிலேயே கிடக்கிறதாம். கூரையில் மாட்டத் தெரியவில்லை, ஆளைக் கூப்பிட்டால் எதற்கு என்று கேள்வி வரும் என்று அப்படியே வைத்திருக்கிறார். "இன்சூரன்ஸ் போடத் தெரியுது, ரெண்டு ஆணி அடிக்கத் தெரியலையா?" என்று பிடுங்கிக்கொண்டேன். நாற்காலி போட்டு ஏறி, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே மாட்டினேன். ஷோகேஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பொத்தானை அமுக்கியதும் அது போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"காதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் அத்தை, காதைப் பொத்திக்கொண்டு.

"மெக்கானிக் வந்து அந்தத் தகட்ட மாத்துற வரைக்கும் மெஷினப் போடாதீங்க அத்தை" என்றார் ஷோகேஸ். அத்தை கரித்துண்டை எடுத்துக் கொட்டிவிட்டு, உள்ளே ஈரத்துணியால் துடைத்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து போட்டு, உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கருகல் வாடையை அது இழுத்துவிடும் என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. எங்கள் பக்கம் திரும்பினார்.

"வாடை போயிருச்சா?"

அப்படி ஒரு கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் வாழ்ந்தவர். ஷோகேஸ் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு விழித்தார். அவருக்கு என்ன தெரியும், அடைத்த மூக்கு. நான் தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன்.

"முக்காவாசி போயிருச்சு அத்தை. மேல் மூலையில கொஞ்சம் இருக்கு. இன்னொரு வாட்டி வைங்க."

அப்போது என் போன் அடித்தது. மனைவி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஷோகேஸின் கை கைக்குட்டையோடு பாதியில் நின்றது. அத்தை மெஷினின் கதவைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பின்னறை ஞாபகம் வந்தது. வெள்ளையடித்த சுவர், உயரம் பார்த்துச் செய்த கட்டில். ஒரு வார்த்தை போதும். அன்று இரவே அத்தை அதில் படுத்திருப்பார், ஷோகேஸ் ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வர வேண்டியிருக்கும்.

"அம்மா ஏன் போன் எடுக்கல?" என்றாள் மனைவி.

"சத்தத்தக் கொறச்சு உள்ள வெச்சுட்டாங்க. மெஷின்ல பன் கருகிருச்சு, அந்தப் பரபரப்பு."

"கருகிருச்சா? எவ்ளோ?"

"கொஞ்சம் பொக."

"பொக வர்ற வரைக்கும் அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க? அவங்க மூக்குக்கு மாடிக்கு அந்தப் பக்கம் கருகினாலே தெரியுமே?" அவள் குரல் மாறியது. அவளும் அந்த அம்மாவின் பெண்தான். "என்னங்க, அம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாவதா?"

என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அதே இடத்தில். காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டேன்.

"நல்லாருக்காங்க. அவங்கதான் முதல்ல சொன்னாங்க, ஏதோ கருகுதுன்னு. எனக்கே தெரியல" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா. அப்பறம், அந்தப் பின்னறைய நீ தையலுக்கு எடுத்துக்கோ."

"எங்க அம்மாவுக்குன்னு கட்டில் எல்லாம் பண்ணீங்களே" என்றாள், மெதுவாக.

"கட்டில வித்துரலாம். அவங்க வரமாட்டாங்க. அவங்களுக்கு இங்கதான் சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அத்தை என் பக்கம் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் பாத்திரத்தை எடுத்தார். நாங்கள் இரண்டு மாப்பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். ஷோகேஸ்தான் அவருக்குக் கிட்டே நின்றவர். அவரைத் தாண்டிக் கையை நீட்டி, பாத்திரத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"தெனமும் காலையில கிளாஸுக்குப் போற வழியில ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிட்டுப் போவீங்களா?"

"வர்றேன்."

"பிரேக் இல்லாம?"

"இல்லாம." முகர்ந்தேன். "கெட்டுப்போச்சு அத்தை. கொட்டிருங்க."

ஷோகேஸ் எட்டிப் பாத்திரத்துக்குள் மூக்கை நுழைத்தார். உறிஞ்சிப் பார்த்தார், மறுபடியும் உறிஞ்சினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தை" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம், வருஷக்கணக்காக நான் போட்டுக்கொண்டிருந்த முகம்.

"ஒங்களுக்கு எங்க தெரியும் சகலை" என்றேன். புதுப் பால் வாங்கிவர நானே படியிறங்கினேன்.